வால் கறுத்த வயலட்

ஒரு காட்டுப் பூவின் பின்பக்கம் என்ன நிறத்தில் அச்சாகிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்காக இங்கிலாந்திலிருந்து சிவகாசிக்குப் போனேன். சென்னையில் இறங்கி என் தம்பியிடம் இதைச் சொன்னபோது, உனக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்டான். இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூடத்தில் குடுவைகளைக் கழுவி அடுக்குவது என் வேலை. 2006ஆம் வருடம் கோடை விடுமுறை விட்ட கையோடு கிளம்பியிருந்தேன்.

விஷயம் இதுதான். நான் குடியிருக்கும் சிற்றூரின் ஓரத்தில் ஒரு சின்னக் காடு இருக்கிறது. புறவழிச்சாலை போடுவதற்கு அதில் பாதியை வெட்டப் போவதாக அறிவித்தார்கள். அந்தக் காட்டில் இரண்டு வகை வயலட் பூக்கிறது என்று என் தோழி ஹெலன் சொன்னாள். தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள், காட்டுக்குள் போனால் மண்டி போட்டே நடப்பவள். ஒரு வயலட் எங்கும் முளைப்பது. இன்னொன்று பழங்காட்டு மண்ணுக்கே உரியது. மனிதன் நட்டு உண்டாக்கிய தோப்பில் லேசில் வராது, தலைமுறை தலைமுறையாகக் காடாகவே கிடந்த இடத்தில்தான் வரும். அது இருக்கிறது என்று காட்டினால் காடு பழையது என்று ஆகும், சாலையைத் தள்ளிப் போடச் சொல்லலாம். சாலைக்காரர்களின் தாவர நிபுணர் பூ இல்லாத பருவத்தில் வந்து இலையைப் பார்த்துவிட்டு, எல்லாம் சாதாரண வயலட்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஹெலனுடைய பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை.

காட்டின் பூக்களையெல்லாம் படமெடுத்து ஒரு சிறு புத்தகமாகப் போட்டு, செப்டம்பரில் நடக்கும் ஊர்மன்றக் கூட்டத்தில் எல்லோர் கையிலும் கொடுப்பது என்று முடிவு செய்தோம். எங்கள் குழுவில் ஒருவர் தம் வீட்டுப் படப்புத்தகத்தின் பின்னட்டையில் சிவகாசி என்ற பெயரைப் பார்த்தார். உடனே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிறந்து வளர்ந்தது சென்னை, சிவகாசியைத் தீப்பெட்டியின் முதுகில்தான் படித்திருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அவர்களுக்குத் தமிழ்நாடு ஒரு தெரு. நான் அந்தத் தெருக்காரி.

இரண்டு வயலட்டுக்கும் வித்தியாசம் வாலில் இருக்கிறது. வால் என்று நான்தான் பெயர் வைத்திருக்கிறேன். பூவின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பை அது. சாதாரண வயலட்டுக்கு வால் வெளுத்து, தடித்து, நுனியில் ஒரு பிளவோடு இருக்கும். நாங்கள் தேடுகிற வயலட்டுக்கு இதழைவிடக் கறுத்து, மெலிந்து, நேராக இருக்கும். வாசம் இரண்டுக்குமே கிடையாது. வாசமில்லாத வயலட்டுக்கு அந்த ஊரில் நாய் வயலட் என்று பெயர். மணக்காத பூ என்றால் நாய்க்குக் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

விருதுநகர் ஸ்டேஷனில் இறங்கியபோது வெயில் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்த வழியில் மிளகாய் வற்றல் மண்டிகள். மூட்டை ஏற்றுகிறவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் தெரு முழுக்கத் தும்மிக்கொண்டே போனேன். ஒரு மண்டிக்காரர் கல்லாவை விட்டு எழாமலே தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இங்கிலாந்தில் தும்மினால் ஆசீர்வாதம்தான் கிடைக்கும். அதைவிடத் தண்ணீர் மேல்.

நான்கு இட்லியும் ஒரு வடையும் உள்ளே போனதும் பஸ் ஜன்னலில் தலை சாய்ந்தது. அச்சகம் சிவகாசிக்கு முன்னாலுள்ள திருத்தங்கலில், அங்கே இறங்க வேண்டியவள். விமானத் தூக்கம் என்று ஒன்று உண்டு. அது வந்தால் கண்டக்டர் விசில் எல்லாம் தாலாட்டுதான். கண் விழித்தபோது திருத்தங்கலும் இல்லை, சிவகாசியும் இல்லை. கரிசல் காடு, அங்கங்கே தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள், சிவப்பு எழுத்தில் எச்சரிக்கைப் பலகைகள். ஏழாயிரம்பண்ணை என்றார் கண்டக்டர், நான் கேட்டு வந்தது போல.

திரும்பும் பஸ் வழியில் டயர் வெடித்து நிற்பதாகச் சொன்னார்கள். டீக்கடைப் பெஞ்சில் சேவும் டீயுமாக உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போன பிறகு ஒரு பட்டாசு கம்பெனி வேன் வந்தது. ஏதோ காரணத்தால் அன்று யூனிட்டைச் சீக்கிரம் மூடியிருந்தார்கள். உள்ளே முழுக்கப் பெண்கள். முழங்கை வரை வெள்ளி வெள்ளியாக மருந்துப் பொடி மின்னியது. நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள், கொடுத்த கையோடு விசாரணையையும் ஆரம்பித்தார்கள். எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை, எதற்கு வந்தேன். ஒளிக்காமல் சொன்னேன். என் பக்கத்தில் இருந்தவள் பெயர் முத்துமாரி. அவள்தான் முதலில் கேட்டாள்.

"வாசம் இருக்குமாக்கா?"

இல்லை என்றேன்.

"தலைல வைக்க முடியுமா?"

விரல் நக அளவுதான் இருக்கும், பறித்தால் வாடிவிடும் என்றேன்.

"வாசமும் இல்ல, வைக்கவும் முடியாது. அதுக்கா பிளேன் ஏறி வந்தீக?"

வேன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் கோபமாக வந்தது. கிட்டத்தட்ட இதையேதான் என் தம்பியும் கேட்டிருந்தான். திருத்தங்கல் விலக்கில் இறக்கிவிட்டபோது முத்துமாரி ஜன்னல் வழியாக, வந்த காரியம் நல்லபடி முடியட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அச்சகத்தை நடத்துகிறவர் பானுமதி. நாற்பது வயது இருக்கும். மாமனார் தொடங்கிய அச்சகம், இப்போது முழுப் பொறுப்பும் இவர் தலையில். என்னை அக்கா என்று கூப்பிட்டார், சாப்பிட்டீகளா என்று கேட்டார், பதிலுக்குக் காத்திராமல் இலை போடச் சொன்னார். அந்தப் பரபரப்பிலும் நிதானமாகப் பரிமாறினார். ஆடிப்பெருக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. புது வருட காலண்டர்களின் மாதிரி ஆல்பங்களை அன்றைக்குத்தான் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அதனால் ஊர் முழுக்க மெஷின்கள் மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருந்தன. எங்கே திரும்பினாலும் முருகன், லட்சுமி, வெங்கடாசலபதி, ஈரம் காயாமல் அடுக்கடுக்காக. அந்தக் கூட்டத்தின் நடுவே எங்கள் புத்தகத்தின் தாள்கள் ஒரு மூலையில் இருந்தன. மற்றப் பக்கங்கள் அடித்து முடிந்தாயிற்று, வயலட் இருக்கும் தாள் மட்டும் என் கையெழுத்துக்காக நிற்கிறது என்றார் பானுமதி.

மாதிரிக்கு அடித்த புரூஃபை விரித்தார். பக்கத்தில் இரண்டு வயலட்டும் அக்கா தங்கை மாதிரி அருகருகே நின்றன. இரண்டுக்கும் வால் வெள்ளை. பளிச்சென்று, துவைத்துப் போட்ட வெள்ளை.

படங்களைத் திருத்துகிறவர் கணேசன். ரீடச் ஆர்ட்டிஸ்ட் என்று சொல்வார்கள். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ். பல வருடமாகச் சாமி படங்களுக்கு முகம் துலக்குகிறவர். வாலை ஏன் வெளுத்தீர்கள் என்று கேட்டேன். நான் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டார்.

"அழுக்கா கெடந்துச்சு மேடம். நான்தான் சுத்தம் பண்ணினேன்."

பிறகு விளக்கினார். காலண்டர் என்பது ஒரு வீட்டில் வருடம் முழுக்கத் தொங்குவது. அதில் கறுப்பாக ஒரு பொட்டு விழுந்தாலும் ஆர்டர் கொடுத்த பார்ட்டி லோடைத் திருப்பி அனுப்பிவிடுவார். நல்ல நாளும் அதுவுமாகக் கறுப்பை யார் சுவரில் மாட்டுவார்கள்? ஆகவே இந்த ஊரில் படம் கைக்கு வந்ததும் முதல் வேலை கறை எடுப்பது. இரண்டாவது வேலை, ஒரே பக்கத்தில் இரண்டு படம் வந்தால் நிறத்தை ஒன்றோடொன்று சேர்ப்பது. இரண்டையும் எங்கள் வயலட்டுக்கும் ஒழுங்காகச் செய்திருக்கிறார். சொல்லப்போனால் இந்த ஊரில் வேறு யாரும் இதைவிடச் சுத்தமாகச் செய்திருக்க முடியாது. அதுதான் என் கஷ்டம்.

பழைய ஸ்கேனைத் திறங்கள் என்றேன். இல்லை. சீசனில் கம்ப்யூட்டரில் இடம் போதாது, திருத்தியதை அதன் மேலேயே சேமித்துவிடுவார்களாம். சரி, ஹெலன் எடுத்த ஸ்லைடிலிருந்து மறுபடி எடுங்கள் என்றேன். கணேசன் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். உள்ளே வயலட் படச்சுருளின் துண்டுகள் ஒரு கைப்பிடி. ஸ்லைடுகளைச் சுழலும் டிரம்மில் ஒட்டி ஸ்கேன் செய்வதற்கு அட்டைச் சட்டத்தைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். சட்டம் போனால் போகிறது. சட்டத்தின் மேல்தான் ஹெலன் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதியிருந்தாள். சட்டங்கள் எங்கே என்றேன். குப்பையில் என்றார்.

அன்று சாயங்காலம் பானுமதியின் வீட்டிலிருந்து எண்ணெய்ப் பரோட்டா வந்தது. விருதுநகர்ப் பக்கத்துப் பழக்கம். எண்ணெயில் முறுக்கு மாதிரிப் பொரித்து, நொறுக்கி, சால்னாவை ஊற்றுவது. உலகத்தில் எந்தத் துக்கத்துக்கும் நடுவில் சாப்பிடக்கூடிய பண்டம். சாப்பிட்டுவிட்டு டெலிபோன் பூத்துக்குப் போய் ஹெலனைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவள் மெதுவாகச் சொன்னாள், வயலட் பக்கத்தை எடுத்துவிடலாம், இரண்டும் ஒன்றுபோல இருக்கிற படத்தோடு கூட்டத்துக்குப் போனால் சிரிப்பார்கள். அடுத்த வருடம் மறுபடி படமெடுக்கலாமே என்று அவளே சொல்லிவிட்டு, அடுத்த வருடம் காடு இருக்குமா தெரியாது என்றும் அவளே சொன்னாள். பக்கத்தை எடுக்க வேண்டாம், எது எந்த வயலட் என்று நானே பார்த்துக் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கறுத்த வால் வயலட்டை நான் நேரில் பார்த்ததில்லை. அது பூக்கும் சில வாரங்களில் ஒரு தடவைகூட நான் காட்டுக்குள் போனதில்லை. ஹெலன் சொல்லிக் கேட்டதுதான்.

மறுநாள் காலை லைட் டேபிளை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரியும் மேசை. படங்களைப் பரப்பிவிட்டு, கணேசனின் லென்ஸை வாங்கிக்கொண்டு குனிந்தேன். முன்னாலிருந்து எடுத்த படங்களால் பயனில்லை, முகத்தைப் பார்த்தால் இரண்டு வயலட்டும் ஒன்றுதான். அவற்றை ஒதுக்கினேன். பக்கவாட்டில் எடுத்தவற்றில் பெரும்பாலானவை சாதாரண வயலட். தடித்த வெள்ளை வால், நுனியில் பிளவு, அகன்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இதழ்கள். அவற்றையும் ஒதுக்கினேன். மிஞ்சியவற்றில் இதழ்கள் ஒடுங்கி விலகி நின்றன. வால் மெலிசாக, நுனி மழுங்காமல், பிளவு இல்லாமல், கருநீலமாக இருந்தது. சத்தம் போட்டுக் கணேசனைக் கூப்பிட்டேன்.

அவர் நிதானமாகப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது நெழல் மேடம். வெளிச்சம் மொகத்துல விழுது. பின்பக்கம் கறுக்கத்தான செய்யும்?"

அவர் சொன்னது நியாயம். சாமி படத்தில் கிரீடத்துக்குப் பின்னால் விழும் நிழலை வருடக்கணக்காகப் பார்த்தவர் சொல்கிறார். இதே வார்த்தையைத்தான் சாலைக்காரர்களின் நிபுணரும் சொல்வார்.

"நீங்க நேர்ல பாத்திருக்கீகளா?" என்று வேறு கேட்டார்.

இல்லை என்றேன். அவர் லென்ஸை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. ஆனால் எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். என் அம்மா அதைத் திமிர் என்பாள். மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார்கள், போகவில்லை. மிஞ்சிய படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாலை விட்டுவிட்டு வெளிச்சத்தைத் தேடினேன். எந்தப் பக்கமிருந்து வருகிறது, எதன் மேல் விழுகிறது.

ஒரு படத்தில் இலைகள் எரிவது போல மஞ்சள் பச்சையாக ஒளிர்ந்தன. காம்பின் மெல்லிய ஓரத்தில் வெள்ளிக் கோடு போல வெயில். ஹெலன் சூரியனை எதிரே வைத்துக்கொண்டு எடுத்திருக்கிறாள். பூவின் முகம்தான் இருட்டில் இருந்தது. வால் வெயில் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

கணேசனை மறுபடி கூப்பிட்டேன். லென்ஸைக் கொடுத்தேன். இந்தத் தடவை வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு படத்தை எடுத்துக்கொண்டு போய் ஸ்கேன் செய்து திரையில் போட்டு, காம்பிலும் இலையிலும் வாலிலும் மாறி மாறி அம்புக்குறியை வைத்து நிறத்தின் அளவுகளைப் பார்த்தார்.

"வெளிச்சம் பின்னாலருந்து வருது," என்றார். "வாலுதான் மொதல்ல வெயில வாங்குது. வெள்ளையா இருந்தா பல்பு மாதிரி எரியணும்."

எரியவில்லையே என்றேன்.

"எரியல. அப்ப இது நெழல் இல்ல. அதோட நெறமே அதுதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பூவின் பின்பக்கத்துக்காக ஒரு அச்சகத்தில் நின்று அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். கணேசன் நிழல் என்றதும் நான் சந்தேகப்பட்டது ஹெலனைத்தான். இப்போது அந்தச் சந்தேகம் தீர்ந்தது. கணேசன் கண்ணைத் திரைக்குத் திருப்பிக்கொண்டு, எந்தக் கறுப்பையும் தொடாமல் புதுப் படத்தைப் புத்தகப் பக்கத்தில் வைத்தார். கை துறுதுறுத்ததைப் பார்த்தேன். வாலின் ஓரத்தில் இருந்த ஒரு தூசியை எடுக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டுத்தான் எடுத்தார்.

அடுத்த மல்லுக்கட்டு பானுமதியோடு. புது பிளேட், அதாவது அச்சுத் தகடு, போட வேண்டும், அதற்குள் எங்கள் முறை போய்விட்டது, மெஷினில் காலண்டர் ஏறிவிட்டது, ஆடிப்பெருக்கு முடிந்துதான் இனி இடம் என்றார். அதற்குள் என் விமானம் போய்விடும். பழைய பிளேட்டிலேயே அடித்துத் தருகிறேன், ஒரு பூவின் வாலை யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். சிவகாசியில் பார்ட்டியின் கையெழுத்து இல்லாமல் தாள் ஓடாது. நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன்.

"அக்கா, சாமி படம் காத்துக்கெடக்கு. உங்க பூவுக்கு எங்கன எடம் குடுப்பேன்?"

காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மெஷின் அறை வாசலில் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன். அவருக்கும் கோபம், எனக்கும் கோபம். அப்படியும் எனக்கு மோர் வந்துகொண்டே இருந்தது. மறுநாளும் காலையிலேயே போய் அதே கட்டின் மேல் உட்கார்ந்தேன். மதியம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, பானுமதி வந்து பக்கத்தில் நின்றார். அந்தப் பூவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார். காட்டைப் பற்றிச் சொன்னேன். சாலையைப் பற்றி, ஹெலனைப் பற்றி, அவளை யாரும் நம்பாததைப் பற்றி. அவர் கேட்டுவிட்டு மெஷின் அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில், லட்சுமிக்கு பிளேட் மாற்றும் இடைவெளியில் வயலட்டை ஏற்றச் சொல்லிவிட்டார்.

மெஷின் ஓட ஆரம்பித்தது. முதல் சில தாள்கள் விழுந்ததும் மெஷின்மேன் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது. டக்கென்று மெஷினை நிறுத்தி, ஈரப் பஞ்சை எடுத்துக்கொண்டு பிளேட்டின் மேல் குனிந்தார். பூவின் பின்னால் ஏதோ கறுப்பு ஒட்டியிருக்கிறது, துடைத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து கணேசனின் குரல் வந்தது.

"ஏலே, கைய எடு. அது அழுக்கில்ல. பூவே அப்படித்தான்."

மெஷின்மேன் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையசைத்தேன். பஞ்சைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். அடுத்து விழுந்த தாளில் வாலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் கூட்டத்தில் புத்தகத்தை எல்லோருக்கும் கொடுத்தோம். சாலைக்காரர்களின் நிபுணர் வயலட் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு சபையைப் பார்த்துச் சிரித்தார். இந்தப் புத்தகம் இந்தியாவில் மலிவாக அச்சடித்தது. பூவின் பின்னால் மை தீற்றியிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு ஒரு செடியை அடையாளம் சொல்ல முடியாது என்றார். சிலர் சிரித்தார்கள். ஹெலன் முகம் சிவந்து மேசையைப் பார்த்தாள்.

நான் எழுந்தேன். அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவள் நான்தான் என்றேன். அந்த ஊரில் காகிதத்தில் ஒரு கறுப்புப் பொட்டுக்கூட விடமாட்டார்கள், கறுப்பை எடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவர் இந்தப் பூவையும் முதலில் வெள்ளையாக்கித்தான் வைத்திருந்தார், பிறகு சரிபார்த்து அவரே திருப்பி வைத்த கறுப்பு இது என்றேன். பையிலிருந்து படச்சுருள் துண்டை எடுத்து நிபுணர் கையில் கொடுத்து, ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொன்னேன். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள், போதும் என்றேன்.

பிடித்துப் பார்த்தார். பின்னாலிருந்து என்று கடைசியில் அவர் சொன்னார், பக்கத்தில் இருந்தவருக்கு மட்டும் கேட்கும் குரலில். உரக்கச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். ஏப்ரலில் பூ மலரும்போது எல்லோரும் நேரில் போய்ப் பார்ப்பது, அதுவரை ஒரு மரத்திலும் கை வைக்கக் கூடாது என்று மன்றத் தலைவர் எழுதச் சொன்னார். ஹெலன் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்தாள். வலித்தது. விடச் சொல்லவில்லை.